ஒரு கிழமை சிரப்போட முடியிற விசயமில்லை இது

கேள்வி: வணக்கம் டொக்டர். நாங்கள் வடமராட்சிப் பக்கம். மகனுக்கு ஐஞ்சரை வயசு, 16 கிலோ, இந்த வருசம்தான் முதலாம் ஆண்டுக்குப் போறார். ரெண்டு வருசமா இவர் கக்கா இருக்கிறது பெரிய போராட்டம். நாலைஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் போவார், போகேக்க ஒரே அழுகை, ஒண்டிரண்டு தரம் ரத்தமும் கண்டது. டொக்டரிட்ட காட்டி சிரப் குடுத்தா ஒரு கிழமை நல்லாப் போகும், பிறகு பழையபடி. இப்ப ரெண்டு மாசமா காற்சட்டையில கொஞ்சம் கொஞ்சமா தண்ணியாப் பட்டுக்கொண்டே இருக்கு, கேட்டா "எனக்குத் தெரியாது" எண்டுறார். ரீச்சரும் சொல்லி அனுப்பினவ. அவற்ற அப்பா கோவத்தில அடிச்சும் போட்டார். சாப்பாடும் குறைவு. மாமி ஆமணக்கெண்ணெய் குடுத்து பேதிக்கு விடச் சொல்லுறா, லண்டன்ல இருக்கிற அக்கா ஏதோ பவுடர் பைக்கற் அனுப்பிறன் எண்டுறா. ஸ்கான் ஒண்டு எடுத்துப் பாக்கவோ? இதில இன்னொண்டு, அடுத்த மாசம் அக்கா ஆக்கள் வர எல்லாரும் நயினாதீவுக்குப் போக இருக்கிறம், வழியில இவருக்கு ஏதும் நடந்திட்டா எண்டு இப்பவே பயமாக் கிடக்கு.

பதில்: தங்கச்சி, கனக்கக் கேட்டிருக்கிறியள், எல்லாத்துக்கும் எழுதிறன். ஆனா முதல்ல காற்சட்டை விசயத்தைக் கதைப்பம், ஏனெண்டா அதுக்குத்தான் பிள்ளைக்கு அடி விழுந்திருக்கு.

மகன் தெரியாது எண்டு சொன்னது பொய்யில்லை. அவருக்கு உண்மையாவே தெரியாது. நாள்கணக்கா அடக்கி அடக்கி வைக்க, மலக்குடல் எண்டு சொல்லுற அந்தக் கடைசிக் குடல் இழுபட்டுப் பெருத்துப் போகும். அப்பிடிப் பெருத்த குடலுக்கு நிறைஞ்சு போச்சு எண்ட உணர்வே மழுங்கிப் போகும், உங்களுக்கும் எனக்கும் "வருகுது, எழும்பு" எண்டு சொல்லுற அந்த உணர்வு அவருக்கு வராது. உள்ளுக்க பெரிய கட்டியா இறுகிக் கிடக்க, மேல இருந்து வாற புது மலம் களியாவும் தண்ணியாவும் அதின்ர பக்கத்தால கசிஞ்சு வெளியில வரும். வெங்காயத் தோட்டத்து வாய்க்கால்ல மண்ணாங்கட்டி ஒண்டு மறிச்சா தண்ணி நிக்குமே, ரெண்டு கரையாலயும் கசிஞ்சு ஓடுமெல்லே, அது மாதிரி. அடிச்சாலும் ஏசினாலும் அவராலை அதை நிப்பாட்ட ஏலாது.

இதில கன தாய்மார் மாறுபட்டுப் போற இடம் ஒண்டிருக்கு. தண்ணியாப் படுறதைக் கண்டிட்டு "வயித்தால போகுது" எண்டு நினைச்சு மலம் இளக்கிற மருந்தை நிப்பாட்டிப் போடுவினம், சிலபேர் பாமசியில போய் வயித்தோட்டத்தை நிப்பாட்டிற குளிசையும் வாங்கிக் குடுப்பினம். உள்ளுக்க இருக்கிற கட்டி அதோட இன்னும் இறுகும். நாலைஞ்சு நாளா ஒழுங்காப் போகாத பிள்ளைக்கு காற்சட்டையில தண்ணியாப் பட்டா, அது வயித்தோட்டம் இல்லை, மலச்சிக்கல் முத்தினதின்ர அடையாளம் எண்டுதான் நாங்கள் முதல்ல நினைப்பம்.

சரி, இது எப்பிடித் துவங்கினது? உங்கட கடிதத்தில இல்லை, ஆனா பெரும்பாலும் கதை ஒண்டுதான். ஏதோ ஒரு நாள், காய்ச்சல் வந்து தண்ணி குடியாமல் கிடந்திருக்கலாம், நேசறிக்குப் போன புதுசில கூச்சத்தில அடக்கியிருக்கலாம், கக்கூசுப் பழக்கம் பழக்கேக்க கொஞ்சம் வற்புறுத்தி இருக்கலாம், ஒருநாள் மலம் இறுகி, போகேக்க வெடிச்சு நொந்திருக்கும். மூண்டரை வயசுப் பிள்ளைக்கு அது காணும். அடுத்தமுறை வரேக்க அந்த நோ ஞாபகம் வரும், அடக்குவார். அடக்கின மலத்தில இருக்கிற தண்ணியை குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அது இன்னும் பெருசா இன்னும் கல்லா வரும், இன்னும் நோகும், இன்னும் அடக்குவார். ரெண்டு வருசமா உங்கட வீட்டில சுத்திக்கொண்டிருக்கிறது இந்த வட்டம்தான், இதைத் துவக்கினது நோ, விடாமல் சுத்திறது பயம்.

ஒருக்கா வடிவாக் கவனிச்சுப் பாருங்கோ. இவர் கதவுக்குப் பின்னாலயோ கட்டில் மூலையிலயோ போய் நிப்பார், மேசை விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு நுனிக்காலில எழும்புவார், தொடை ரெண்டையும் இறுக்கி, கால் ரெண்டும் தடி மாதிரி விறைச்சு நிக்கும், முகம் சிவந்து வேர்க்கும், சிலவேளை காலைப் பின்னிக்கொண்டு குண்டியை நெருக்கி ஒரு ஆட்டம் ஆடுவார். பாக்கிற ஆக்கள் "பாவம் பிள்ளை முக்கிறார், வருகுதில்லை" எண்டு சொல்லுவினம். அவர் முக்கேல்லை. வாறதை வரவிடாமல் முழுப் பலத்தையும் குடுத்து அடக்கிறார். ரெண்டு நிமிசத்தில அந்த உந்தல் ஓய்ஞ்சிடும், பிறகு ஒண்டும் நடவாத மாதிரி விளையாட ஓடிடுவார். இதை ஒருக்கா விளங்கிட்டியள் எண்டா பிள்ளையில இருக்கிற கோவம் பாதி குறைஞ்சிடும். அந்த நேரம் பிடிச்சு இழுத்துக்கொண்டுபோய் கக்கூசில இருத்தாதையுங்கோ, பயத்துக்கு மேல பயமாத்தான் போய் முடியும்.

உங்கட பிள்ளைக்கு மட்டும் வந்த வருத்தம் எண்டும் நினையாதையுங்கோ. ஷமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண எண்டு இந்த விசயத்தில உலகளவில பேர் எடுத்த ரெண்டு ஆராய்ச்சியாளர் எங்கட நாட்டிலயே இருக்கினம், அவை 10 தொடக்கம் 16 வயசுப் பள்ளிப் பிள்ளையளைப் பாத்து 2010 இல எழுதின கட்டுரையில ஏறத்தாழ 15 வீதமான பிள்ளையளுக்கு மலச்சிக்கல் இருந்தது எண்டு வருது, மனவழுத்தம் தந்த சம்பவங்களைக் கண்ட பிள்ளையளிலயும் போர் பாதிச்ச இடத்துப் பிள்ளையளிலயும் கூட. அப்ப ஒரு வகுப்பில 30 பிள்ளையள் எண்டா நாலைஞ்சு பேர். வெக்கத்தில ஒருத்தரும் வெளியில கதைக்கிறேல்லை, அதுதான் உங்களுக்கு இது உங்கட வீட்டில மட்டும் எண்டு தெரியுது.

இனி ஸ்கான் கேள்வி. தேவையில்லை. இந்த வயசுப் பிள்ளையளில வாற மலச்சிக்கல்ல 100க்கு 95 குடலில ஒரு பழுதும் இல்லாமல் வாறது, அதுக்கு ஸ்கானும் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் வழமையா எடுக்கிறேல்லை. கதையைக் கேட்டு, வயித்தைத் தடவிப் பார்த்தா காணும், இடது பக்கம் அடிவயித்தில கையில தட்டுப்படுற மாதிரி உருண்டையாக் கிடக்கும், சில பிள்ளையளுக்கு தொப்புள் வரைக்கும் வந்திருக்கும், தாயின்ர கையைப் பிடிச்சு அதில வைச்சுக் காட்டினா திடுக்கிட்டுப் போவினம். பின்பக்கத்தை வெளியால ஒருக்கா பார்ப்பம், வெடிப்பு இருக்கோ எண்டு. விரல் விட்டுப் பாக்கிறது குடும்ப டொக்டர் வழமையாச் செய்யிற வேலையில்லை, ஏற்கெனவே பயந்து போயிருக்கிற பிள்ளைக்கு அது தேவையுமில்லை. நீங்கள் கண்ட ரத்தம் மலத்தில கலக்காமல், வெளியால கோடு மாதிரி, அல்லது கழுவேக்க பளிச்செண்ட சிவப்பா ஒரு துளி எண்டா அது அந்த வெடிப்பில இருந்து வாறது, மலம் இளகத் தானா ஆறும்.

மிச்ச 5 வீதம் இருக்கெல்லே, அதை விடாமல் பிடிக்கிறதுக்குத்தான் நாங்கள் கொஞ்சம் கேள்வி கேக்கிறது. பிறந்து 48 மணித்தியாலத்துக்குள்ள முதல் கறுத்த மலம் போகாமல் இருந்ததோ? அப்பிடி எண்டா, அல்லது பிறந்த முதல் மாசத்திலயே இந்தப் பிரச்சினை துவங்கினது எண்டா, குடலின்ர கடைசிப் பகுதியில நரம்பு இல்லாமல் பிறக்கிற ஹேஷ்பிரங் எண்ட வருத்தத்தை நினைப்பம், அது ஏறத்தாழ 5000 பிள்ளையில ஒண்டுக்கு வாறது. நிறை ஏறாமல் நிக்குதோ (கிளினிக் கொப்பியில இருக்கிற கோடு அதைச் சொல்லும், வரேக்க கட்டாயம் கொண்டுவாங்கோ), வயிறு பெருசா ஊதி பச்சையாச் சத்தி எடுக்கிறாரோ, நடையில ஏதும் வித்தியாசமோ, முதுகின்ர அடியில பள்ளமோ மயிர்க்கொத்தோ இருக்கோ, மலம் எப்பவும் நாடா மாதிரி ஒடுங்கி வருகுதோ, ரத்தம் மலத்தோட கலந்து வருகுதோ. இதில ஒண்டுக்கு எண்டாலும் ஓம் எண்டா சிரப்போட மினக்கெடாமல் மந்திகை ஆஸ்பத்திரிக்கோ யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கோ பிள்ளை நோய் டொக்டரிட்ட அனுப்புவம். ரெண்டு வருசமாத்தான் இந்தப் பிரச்சினை எண்டு நீங்கள் எழுதினதைப் பாக்க அந்தப் பயம் எனக்குக் குறைவு. ஆனா கடிதத்தைப் பாத்து முடிவு சொல்ல ஏலாது, ஒரு டொக்டர் வயித்தில கை வைக்கத்தான் வேணும்.

வைத்தியத்துக்கு வருவம். ரெண்டு பகுதி. முதல்ல உள்ளுக்க கிடக்கிற பழைய கட்டியை வெளியேற்ற வேணும், அது போகாமல் பப்பாசியும் கீரையும் குடுத்து ஒண்டும் ஆகாது. அதுக்கு இண்டைக்கு உலகத்தில முதல்ல பாவிக்கிற மருந்து மக்ரோகோல் எண்டுற பவுடர், அக்கா சொன்னது அநேகமா இதைத்தான். நல்ல மருந்து, குடல் இதை உறிஞ்சாது, தண்ணியைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு மலத்தோட போய் அதை இளக்கும், அவ்வளவுதான். கட்டியை எடுக்கிறதுக்கு ஒரு கிலோ நிறைக்கு நாளைக்கு 1 தொடக்கம் 1.5 கிராம், 3 தொடக்கம் 6 நாள். உங்கட மகனுக்கு நாளைக்கு 16 இல இருந்து 24 கிராம் வருது. ஆனா லண்டன் பைக்கற்றில ஒரு சிக்கல், பெரிய ஆக்களுக்கு வாறதில சின்னப் பிள்ளையளின்ர பைக்கற்றில இருக்கிறதை விட சரியா ரெண்டு மடங்கு இருக்கும், அதோட ஒவ்வொண்டையும் இவ்வளவு தண்ணியில கரைக்க வேணும் எண்டு கணக்கிருக்கு, சின்னனுக்கு கால் கிளாஸ் அளவில, பெருசுக்கு அதின்ர இரட்டிப்பு. அதால பார்சல் வந்த உடன உடைச்சுக் குடுக்காமல் பைக்கற்றை டொக்டரிட்டக் கொண்டுபோய்க் காட்டிக் கணக்குப் போடுவியுங்கோ.

இஞ்ச எங்கட பாமசியளில எப்பவும் கையில கிடைக்கிறது லக்டுலோஸ் சிரப், உங்களுக்கு முந்தித் தந்ததும் அதாத்தான் இருக்கும். அதுவும் நல்லது, இனிப்பு எண்டபடியால் பிள்ளையள் குடிக்கும், வேலை செய்ய ரெண்டு நாள் எடுக்கும், முதல் கிழமை கொஞ்சம் வாயு போகும், வயிறு ஊதின மாதிரி இருக்கும், அதுக்குப் பயந்து விடாதையுங்கோ. இந்த வயசுக்கு வழமையா 5 மில்லியில துவங்கி நாளைக்கு ரெண்டு தரம், பிறகு மலத்தைப் பாத்து கூட்டிக் குறைக்கிறது. கட்டி பெருசா இருந்தா இது மட்டும் காணாது, குடலை அசைக்கிற இன்னொரு மருந்தையும் கொஞ்ச நாளைக்குச் சேர்ப்பம். கட்டி கழியிற அந்த நாலைஞ்சு நாளும் காற்சட்டை இன்னும் மோசமாப் பழுதாகும், இதை முன்கூட்டியே சொல்லிப்போடுறன், பள்ளிக்கூட விடுமுறையில துவங்கினா நல்லது.

மாமியின்ர ஆமணக்கெண்ணெய் வேண்டாம். அந்தக் காலத்தில ஆறு மாசத்துக்கு ஒருக்கா விடியவெள்ளன எழுப்பி மூக்கைப் பொத்திப் பருக்கி, பிறகு ரசமும் சோறும் தந்த கதை எங்கட வயசு ஆக்களுக்கு எல்லாம் தெரியும், மாமி பிள்ளையில இருக்கிற பட்சத்தில சொல்லுறா. ஆனா அது குடலை முறுக்கி வேலை செய்யிற சாமான், உள்ளுக்க கல்லு மாதிரி இறுகிக் கிடக்கேக்க மேலால முறுக்கினா பிள்ளை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு துடிச்சுப் போகும், தண்ணி வத்திப் போகும், இருக்கிற பயம் பத்து மடங்காகும். அதேபோல வெற்றிலைக் காம்பில எண்ணெய் தடவி வைக்கிறது, சவர்க்காரத்தைச் சீவி வைக்கிறது, உதுகளும் வேண்டாம். பின்பக்கத்தால குடுக்கிற எங்கட சப்போசிட்டரியும் எனிமாவும் கூட வாயால குடுக்கிற மருந்து சரிவராட்டித்தான். நோவுக்குப் பயந்த பிள்ளைக்கு நோகிற இடத்திலயே கை வைக்கிறது கடைசி வழி.

இப்ப ரெண்டாவது பகுதி. நீங்கள் ரெண்டு வருசமாத் தோத்துக்கொண்டிருக்கிறது இந்த இடத்திலதான். சிரப் குடுத்தா ஒரு கிழமை நல்லாப் போகுது, போத்தில் முடியுது, "சரி சுகம்" எண்டு விடுறியள், பழையபடி. மலம் இளகிறதுக்கு ரெண்டு நாள் காணும் தங்கச்சி, ஆனா இழுபட்ட குடல் பழைய அளவுக்குச் சுருங்கிறதுக்கும், பிள்ளையின்ர மனசில "கக்கா எண்டா நோகும்" எண்டு பதிஞ்சது அழியிறதுக்கும் மாசக்கணக்கு வேணும். கட்டி போன பிறகு அடுத்த நாளே மருந்தைக் குறைச்ச அளவில தொடர வேணும், மக்ரோகோல் எண்டா கிலோவுக்கு ஏறத்தாழ 0.4 கிராம், ஒவ்வொரு நாளும், போனாலும் போகாட்டியும். ஆகக் குறைஞ்சது ரெண்டு மாசம், அதிலயும் கடைசி ஒரு மாசம் ஒரு பிரச்சினையும் இல்லாமல் இருந்தாத்தான் குறைக்கத் துவங்கிறது, அதுவும் சடாரெண்டு நிப்பாட்டாமல் ஆறுதலா. உங்கட மகனுக்கு ரெண்டு வருசப் பழக்கம், நான் எண்டா ஆறு மாசத்துக்குக் குறையாது எண்டு முதல் நாளே சொல்லிப் போடுவன். ஒழுங்கா வைத்தியம் செய்த பிள்ளையளிலயே ஏறத்தாழ அரைவாசிப் பேர்தான் ஆறு மாசத்துக்கும் ஒரு வருசத்துக்கும் இடையில மருந்தில்லாமல் இருக்கிற நிலைக்கு வருகினம், மற்றவைக்கு இன்னும் கூடக் காலம் எடுக்கும்.

"இவ்வளவு நாள் குடுத்தா பழகிப் போகாதோ டொக்டர், பிறகு மருந்தில்லாமல் போகமாட்டானோ?" இதைக் கேளாத தாய் இல்லை. இந்த ரெண்டு மருந்துக்கும் குடல் பழகிப் போறேல்லை. மருந்தைக் கெதியா நிப்பாட்டத் திரும்பி வாறதை "பாத்தியளோ பழகிட்டுது" எண்டு எடுக்கினம், அது அரைகுறையில விட்டதின்ர பலன்.

அளவு சரியோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? கோப்பைக்குள்ள எட்டிப் பாக்க வேணும், வேற வழியில்லை. 1997 இல இங்கிலாந்தில பிரிஸ்டல் நகரத்து டொக்டர்மார் மலத்தை ஏழு வகையாப் பிரிச்சுப் படம் போட்டு ஒரு அட்டவணை செய்தவை, போன்ல பிரிஸ்டல் சார்ட் எண்டு தேடினாப் படத்தோட வரும். ஒண்டாம் நம்பர் ஆட்டுப் புழுக்கை, ஏழாம் நம்பர் தனித் தண்ணி. உங்களுக்கு வேண்டியது நாலாம் நம்பர், வாழைப்பழம் மாதிரி நீளமா வழுவழுப்பா. கொப்பி ஒண்டில திகதி போட்டு நம்பரை எழுதுங்கோ, காற்சட்டை பழுதானா ஒரு புள்ளடி, குடுத்த மருந்தின்ர அளவு. அடுத்த தரம் டொக்டரிட்டப் போகேக்க அந்தக் கொப்பி இருந்தா பத்து நிமிசக் கதை ரெண்டு நிமிசத்தில முடியும்.

மருந்து குடுத்தா மட்டும் காணாது, இருத்திப் பழக்க வேணும். வயித்துக்குள்ள சாப்பாடு விழுந்த உடன பெருங்குடல் அசையத் துவங்கும், உடம்பின்ர இயற்கை அது, அதால சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள்ள இருத்தினா வேலை சுகம். ஆனா எங்கட பிள்ளையளின்ர விடியல் எப்பிடி, ஏழரைக்கு பள்ளிக்கூட மணி, ஆறரைக்கு எழுப்பி, பாணை வாயில திணிச்சு, ஓட்டோ ஹோர்ன் அடிக்குது ஓடு எண்டு துரத்திறது. அந்த நேரத்தில எந்தக் குடல் அசையும், அசைஞ்சாலும் எங்க இருக்கிறது? இருபது நிமிசம் முந்தி எழுப்புங்கோ. ஏலாதெண்டா மத்தியானம் வந்து சாப்பிட்ட பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும். 5 தொடக்கம் 10 நிமிசம், அதுக்கு மேல வேண்டாம், வந்தாலும் வராட்டியும் எழும்பலாம். கொப்பியில ஒரு நட்சத்திரம் ஒட்டுங்கோ, வந்ததுக்கு இல்லை, இருந்ததுக்கு. வாறது அவற்ற கையில இல்லை, இருக்கிறது அவற்ற கையில.

இன்னொண்டு, இப்ப வெளிநாட்டுக் காசில கட்டிற புது வீடுகளில எல்லாம் கொமேட், அதுவும் பெரிய ஆக்களின்ர உயரத்தில. ஐஞ்சு வயசுப் பிள்ளை அதில ஏறி இருந்தா கால் அந்தரத்தில தொங்கும், விழுந்திடுவன் எண்டு ரெண்டு கையாலயும் விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு இருக்கும், அப்பிடி இருந்தா தசை ஒண்டும் இளகாது. காலுக்குக் கீழ குசினிப் பலகை ஒண்டு போடுங்கோ, முழங்கால் இடுப்பை விடக் கொஞ்சம் உயர வேணும். பழைய குந்திற கக்கூசு இருந்தா இன்னும் நல்லது, அது வளவின்ர பின்பக்கம் இருட்டுக்க எண்டா லைற் ஒண்டு போட்டு நீங்களும் வெளியில நிண்டு கதைச்சுக்கொண்டிருங்கோ.

பள்ளிக்கூடத்தில இவர் இருக்கமாட்டார் எண்டு எழுதாமலே தெரியும். தண்ணி இல்லாத, கொண்டி போடேலாத, மற்றப் பெடியள் எட்டிப் பாக்கிற கக்கூசில நானும் இருக்கமாட்டன். ரீச்சரோட தனியாக் கதையுங்கோ, இது வருத்தம், மருந்து எடுக்கிறம், கேட்ட நேரம் வெளியில விடுங்கோ, வகுப்பில வைச்சு ஒண்டும் சொல்லாதையுங்கோ எண்டு. மாத்துக் காற்சட்டை ஒண்டை பொலித்தீன் பையில சுத்தி புத்தகப் பையின்ர அடியில வைச்சு விடுங்கோ.

சாப்பாட்டைப் பற்றி கனக்கச் சொல்ல மாட்டன், ஏனெண்டா எல்லாரும் அதைத்தான் சொல்லி எல்லாப் பழியையும் தாயின்ர தலையில போடுறவை. நார்ச்சத்து இந்த வயசுக்கு நாளைக்கு ஏறத்தாழ 10 கிராம் காணும், வயசோட ஐஞ்சைக் கூட்டிப் பாருங்கோ, அதுதான் கணக்கு. 100 கிராம் கொய்யாப்பழத்திலயே 5 கிராம் வந்திடும். பப்பாசி, மாம்பழம், முந்திரிகை வத்தல், பயறு, கௌப்பி, குரக்கன் புட்டு, முருங்கையிலை போட்ட சொதி, சீசனுக்குப் பனங்கிழங்கு, எங்கட வளவிலயும் சந்தையிலயும் இல்லாததோ? ஆனா அளவுக்கு மிஞ்சித் திணிச்சா கூடக் கெதியாச் சுகம் வாறேல்லை, தண்ணியும் அப்பிடித்தான், தாகத்துக்குக் காணக் குடிச்சாச் சரி. நான் கட்டாயம் கேக்கிறது பால். ஐஞ்சு வயசிலயும் போத்தில்ல பால்மா கரைச்சு மூண்டு நாலு தரம் குடிக்கிற பிள்ளையள் இருக்கினம், வயிறு அதிலயே நிறைஞ்சிடும், பிறகு சோறு எங்க போறது. நாளைக்கு 500 மில்லிக்கு மேல வேண்டாம், கப்பில குடுங்கோ.

சாப்பாடு குறைவு எண்டதும் இதோடதான். உள்ளுக்க அடைச்சுக் கிடக்கேக்க பசி வராது. கட்டி போன கிழமையே "அம்மா இன்னும் கொஞ்சம்" எண்டு கேக்கிற பிள்ளையளை நாங்கள் காணுறம். அதால பசிக்கு எண்டு சிரப் ஒண்டும் வாங்கிக் குடுக்காதையுங்கோ, பசி மருந்து எண்டு விக்கிற சிலதும், தடிமனுக்கு அடிக்கடி குடுக்கிற பிரிட்டன் (Piriton) மாதிரி மருந்துகளும், இரும்புச்சத்துச் சிரப்பும் மலத்தை இறுக்கும். இப்ப ஏதும் எடுக்கிறார் எண்டா போத்திலைக் கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டுங்கோ. இரவில படுக்கை நனைக்கிறாரோ எண்டும் பாருங்கோ, பெருத்த மலக்குடல் முன்னால இருக்கிற மூத்திரப்பையை நெரிக்கும், மலச்சிக்கல் மாறினா கன பிள்ளையளுக்கு அதுவும் குறையும்.

பூச்சியால வாறதோ எண்டு மாமி அடுத்ததாக் கேப்பா. இல்லை. கிணத்துத் தண்ணியின்ர சுண்ணாம்பையும் கேப்பா, கேத்தில் அடியில வெள்ளையாப் படியிறதைக் காட்டி. அந்தத் தண்ணியைத்தான் முழு வீடும் குடிக்குது, இவர் ஒருத்தர்தான் அடக்கிறார். வீட்டில கைக்குழந்தை வைச்சிருக்கிற மற்ற வாசகருக்கும் ஒரு வசனம், தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை ஒரு கிழமை போகாமல் இருந்து பிறகு இளக்கமாப் போனா அது மலச்சிக்கல் இல்லை, நான் இஞ்ச எழுதின மருந்தளவு ஒண்டும் அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது.

அவற்ற அப்பாவுக்கு இந்தப் பதிலை வாசிக்கக் குடுங்கோ. தம்பி, உங்களில பிழை பிடிக்க எழுதேல்லை, பிள்ளை வேணுமெண்டு செய்யிறான் எண்டு நினைச்சால் ஆருக்கும் கோவம் வரும். ஆனா அடி விழுந்த பிள்ளை பழுதான காற்சட்டையைக் கட்டிலுக்குக் கீழ ஒளிக்கப் பழகும், கக்கூசு எண்டாலே ஒளிக்கும். அடிச்சதுக்கு அவனிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோ, "உன்ர வயித்துக்குள்ள ஒரு கட்டி இருக்கு, அதால வருகுது, உன்னில பிழையில்லை, நாங்கள் மருந்து குடுத்து எடுப்பம்" எண்டு. இந்த வயசுப் பிள்ளைக்கு விளங்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருத்திற வேலையை நீங்களே எடுங்கோ, அவனுக்குப் பக்கத்தில இருந்து ஏதும் கதை சொல்லுங்கோ.

வயிறு ஊதி, பச்சையாச் சத்தி எடுத்து, காத்தும் போகாமல் இருந்தாலோ, காய்ச்சலோட வயித்துக்குத்து எண்டாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ.

கடைசியா நயினாதீவு. இப்பவே துவங்கினா அதுக்கிடையில கட்டி போய் காற்சட்டை ஓரளவு காய்ஞ்சிருக்கும். பயணம் எண்டு அண்டைக்கு மருந்தை மட்டும் நிப்பாட்டிப் போடாதையுங்கோ, வழமையா எல்லாரும் செய்யிறது அதைத்தான், அடுத்த நாளில இருந்து திரும்பி அடக்கத் துவங்கிடுவார். இரவு மருந்தை வழமையான நேரத்துக்குக் குடுத்து, விடிய வெளிக்கிட முந்தி ஏதும் சாப்பிட வைச்சு ஒருக்கா இருத்துங்கோ. குறிகட்டுவான்ல வள்ளம் ஏற முந்தி "போக வேணுமோ" எண்டு ஒருக்கா கேளுங்கோ, ஒருக்கா மட்டும். பையில ரெண்டு காற்சட்டை, ஒரு போத்தில் தண்ணி, பழைய துவாய் ஒண்டு. அக்கா ஆக்களிட்ட முன்கூட்டியே சொல்லி வையுங்கோ, பெடியனுக்கு முன்னால இதைப் பற்றி ஒருத்தரும் பகிடி பண்ண வேண்டாம் எண்டு. பைக்கற்றையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கோ, சின்னப் பிள்ளையளின்ரதை.